திரும்ப மறுத்த வளையம்

1

இந்தக் கதை ஒரு கொப்புளத்திலிருந்து வந்தது. போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் என் தோழியின் கட்டைவிரலில் அதைப் பார்த்தேன். என்னடி என்றதற்கு, லென்ஸில் ஜூம் வளையம் இறுகிக் கிடக்கிறது, திருகித் திருகி வந்தது என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் எழுதிய வரி: "அந்தி வெயில் லென்ஸின் கண்ணாடியில் பொன்னாக உருகி..." சீ. கை எரிகிறவளுக்குப் பொன் எதற்கு?

2

திரும்ப ஆரம்பிக்கிறேன்.

ஸ்டூடியோவில் அவளுக்குப் பட்டப்பெயர் டிகிரி. குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள். வேலை கேட்டு வந்த அன்று அதைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து, டிகிரி லைட்டைத் தூக்கு, டிகிரி ஒயரைச் சுற்று. சீனியர் போட்டோகிராபருக்குப் புது லென்ஸ் வந்தது. அவர் கழித்த பழசு இவளுக்கு. தூரத்தில் நிற்பவரைக் கிட்டே இழுக்க வளையத்தைத் திருக வேண்டும். அது அசையாது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவாள்.

"கையில வலு வேணும்மா," என்றார் சீனியர். "இது பேனா பிடிக்கிற வேலை இல்ல."

(இதற்கு அவள் கொடுத்த பதிலடி என்று அரைப்பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் வாயே திறக்கவில்லை.)

இந்த நிலையில் பட்டமளிப்பு விழா வருகிறது. முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு படம் சொதப்பினாலும் கேமராவை வைத்துவிட்டுக் கவுண்டருக்குப் போ. கவுண்டர் என்றால் நாள் முழுக்க பாஸ்போர்ட் படம் வெட்டிக் கவரில் போடுவது. அதற்காகவா வீட்டில் சண்டை போட்டு இந்த வேலைக்கு வந்தாள்?

3

விழாக் காலை. அரங்கில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் நகத்தில் ஏதோ இடறியது. கறுப்பு ரப்பர் பட்டை. வளையத்தையும் பக்கத்திலிருந்த அசையாத பகுதியையும் சேர்த்துக் கவ்விக்கொண்டிருந்தது. லென்ஸும் கறுப்பு, பட்டையும் கறுப்பு. லென்ஸோடு வந்தது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். உரித்தாள். வளையம் ஒற்றை விரலுக்குச் சுழன்றது.

நேரே சீனியரிடம் போய் நீட்டினாள்.

"அடடே, இன்னும் அதுலயேவா இருக்கு? குனிஞ்சு எடுக்கறப்போ லென்ஸ் தானா இறங்கி ஜூம் மாறிடுதுன்னு நான்தான் மாட்டினேன். மறந்தே போச்சு."

"இத்தனை நாளா கைய ஒடிச்சுக்கிட்டிருக்கேன்ணே."

"நீ கேக்கவே இல்லையேம்மா. படிச்ச பொண்ணு, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

இந்த இடத்தில்தான் எனக்குக் கதை கைவிட்டுப் போயிற்று. அவர் வேண்டுமென்றே செய்ததாக எழுதத்தான் வந்தேன். நிஜமாகவே மறந்திருந்தால் யாரைத் திட்டுவது? ஆனால் அவள் ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் "டிகிரிக்கு இதுகூடத் தெரியலையா" என்று ஸ்டூடியோவே சிரித்திருக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து வலியைத் தேர்ந்தெடுத்தாள். இதையும் மறதிக் கணக்கில் எழுதச் சொல்கிறாரா அந்த ஆள்?

4

விழா தொடங்கியது. முதல் பெண் மேடையேறினாள். டிகிரி வளையத்தைப் பிடித்தாள், பழகிய மூர்க்கத்தோடு திருகினாள். தடுக்கத்தான் இப்போது எதுவும் இல்லையே. வளையம் ஒரேயடியாகக் கடைசிக்கு ஓடியது. கேமராவில் விழுந்தது ஒரு காது, கொஞ்சம் தொப்பி. சரிசெய்வதற்குள் அந்தப் பெண் இறங்கிவிட்டாள். அடுத்தடுத்து வந்தவர்கள் எல்லாம் கச்சிதம்.

முடிவு ஒன்று: டிகிரி அந்தப் படத்தை அழித்துவிட்டு... (இல்லை. இவள் அப்படிப்பட்டவள் இல்லை. அப்படித்தான் நினைக்கிறேன்.)

முடிவு இரண்டு: முதலாளி பெருந்தன்மையாகச் சிரித்து... (எந்த முதலாளி?)

5

இப்போது இருப்பது இவ்வளவுதான். விழா முடிந்துவிட்டது. மேடை காலி. காது மட்டும் விழுந்த அந்த முதல் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். அம்மா தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்துப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்த வீட்டிலும் இதுதான் முதல் தொப்பி போலிருக்கிறது. திரும்பக் கூப்பிட்டு மேடையில் நிறுத்தினால் ஒரு நல்ல படம் கிடைக்கும். பக்கத்திலேயே முதலாளியும் சீனியரும் நிற்கிறார்கள். என்ன ஏது என்று கேட்பார்கள். டிகிரியின் மணிக்கட்டில் அந்த ரப்பர் பட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறது. வாய் வரைக்கும் வந்த சொல் நிற்கிறது.

அவளைப் பேசவைக்க என்னால் முடியவில்லை. முயன்று பார்த்துவிட்டேன். அம்மாவும் பெண்ணும் வாசலை நெருங்கிவிட்டார்கள். நீங்கள் கூப்பிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. "ஏம்மா, கொஞ்சம் நில்லு" என்றால் போதும்.