அத்தான் பிடுங்கிய குச்சிகள்

நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மூன்றடுக்குக் கேக் ஏற்கெனவே மேடையில் நின்றுகொண்டிருந்தது. அக்கா வீட்டில் நான் அதை மூன்று தனித்தனிப் பெட்டிகளில் அல்லவா வைத்திருந்தேன்? பக்கத்தில் கோட்டும் சூட்டுமாக அக்காவின் கணவர். இன்று அவர் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. நிற்கிற தோரணையைப் பார்த்தால் கேக்கையும் அவரே பெற்றெடுத்தது போலிருந்தது.

கேக் பஞ்சு மாதிரி. மேலடுக்கின் பாரத்தைக் கீழடுக்கு தாங்காது. அதனால் கீழ் இரண்டு அடுக்குகளிலும் அவற்றின் உயரத்துக்கே வெட்டிய மரக்குச்சிகளைச் செருகிவிடுவேன். மேலே வரும் அடுக்கு, தன் அடியிலிருக்கும் அட்டையோடு அந்தக் குச்சிகளின் தலைமேல்தான் உட்காரும். பெட்டிகள் கார் டிக்கியில், சமதளத்தில் வரவேண்டும், அடுக்குவது மண்டபத்தில். இதையெல்லாம் அத்தானிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க அக்காவுக்குப் பாதி ஆயுள் பிடித்தது.

"நீ வர்றதுக்குள்ள வீட்லயே நான் அடுக்கிட்டேன் பாரு. பின்சீட்ல உக்கார வச்சு, சீட் பெல்ட் போட்டுக் கூட்டிட்டு வந்தேன். உள்ள என்னமோ குச்சியா இருந்துச்சு. குறடு வச்சு எல்லாத்தையும் பிடுங்கிட்டேன்."

"எதுக்கு அத்தான் பிடுங்கினீங்க?"

"சம்பந்தி வீட்டுக்காரங்க தொண்டையில மாட்டிக்கிட்டா என் மானம் என்னாகுறது? கடையில டைல்ஸ் பெட்டிய ஆள் உயரத்துக்கு அடுக்குறேன். ஒரு குச்சி வச்சிருக்கேனா?"

டைல்ஸ் கடைக்காரர். சரக்கைப் போலவே அவருக்கும் மேலே மட்டும்தான் பளபளப்பு. நான் கேக்கின் பின்பக்கம் போனேன். சீட்டின் சரிவுக்கு ஏற்ப மேலிரண்டு அடுக்குகளும் சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. கீழடுக்கு அமுங்கி, க்ரீம் தொப்பையாகப் பிதுங்கியிருந்தது. பிரித்து எடுக்கவும் வழியில்லை, தூக்கினால் மொத்தமும் கையோடு வந்துவிடும். நடு அடுக்கின் முதுகில் உள்ளங்கையைக் கொடுத்தேன். நின்றது. எடுத்தேன், நகர்ந்தது. மறுபடி கொடுத்தேன்.

மாப்பிள்ளை வந்தபிறகுதான் வெட்டுவார்கள். அதுவரை இது நிற்கவேண்டும். 'இன்னைக்கு நல்லா அமைஞ்சுதுன்னா இனி இங்க கேக் எல்லாம் நீங்கதான்' என்று மண்டப மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். எதிரே நின்று முன்பக்கத்தை ரசித்துக்கொண்டிருந்தார். சரிந்தால் யாரும் குறடு பிடித்தவரைக் குறை சொல்லப்போவதில்லை. நான் சுட்ட கேக் லட்சணம் அது என்பார்கள்.

வந்தவர்களும் லேசுப்பட்டவர்களா? "நீங்களேவா கொண்டு வந்தீங்க!" என்று வாயைப் பிளந்தார்கள். "செய்யறது யாரு வேணாலும் செய்யலாம். பத்திரமா கொண்டு வர்றதுதான் வேலை" என்றார் அத்தான். எனக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. கையை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த முகம் தொங்குவதைப் பார்ப்பதற்காகவே எடுத்திருப்பேன். கூடவே என் பிழைப்பும் போகுமே என்றுதான் எடுக்கவில்லை.

மணப்பெண் மேடையேறினாள். அக்காவின் முகம், ஆனால் அக்காவின் பொறுமை துளியும் கிடையாது. குனிந்து பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன சித்தி இது?"

"உள்ள தாங்குற குச்சிய உங்கப்பா பிடுங்கிட்டாரு."

அவள் சிரிக்கவில்லை. "அப்பா, இங்க வாங்க" என்றாள். வந்தவரின் மணிக்கட்டைப் பிடித்து, என் கைக்குப் பக்கத்தில் அவர் உள்ளங்கையைக் க்ரீமில் பதித்தாள்.

"சித்தி, நீங்க எடுங்க. அப்பா, விட்டீங்கன்னா உங்க மேலதான் விழும். சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்குறாங்க, சிரிங்க."

வீடியோக்காரர் விளக்கைத் திருப்பினார். அத்தான் சிரித்தார்.

நான் கீழே இறங்கி மேனேஜர் பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்க அத்தான் கேக்க விட்டு நகரவே மாட்டேங்கிறாரே?"

"அவருக்கு அது மேல அவ்வளவு பாசம்."

மாப்பிள்ளையின் கார் நெரிசலில் மாட்டிக்கொண்டதாக யாரோ வந்து சொன்னார்கள். மேடையில் அத்தான் ஒரு கையால் வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். கேக்குக்குப் பின்னால் இருந்த மறு கையில், வெள்ளை க்ரீம் மணிக்கட்டைத் தாண்டி, கோட்டின் கைக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.