இரண்டு பலகைகளுக்கு நடுவே விட்ட இடம்

மருந்துக்கடையையும் மூக்குக்கண்ணாடிக் கடையையும் பிரித்த சுவர் ஒரு கோடையில் நடுவாக விரிந்து, உள்ளே ஒரு ஜன்னல் தெரிந்தது. தக்காளி விலை ஏறிய அதே வாரம். தெருவில் எல்லோரும் தக்காளியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் கடைக்காரர்களான அண்ணனும் தம்பியும் மட்டுமே. மருந்துக்கடை அண்ணன் தம்பியைச் சந்தேகப்பட்டார், கண்ணாடிக்கடைத் தம்பி அண்ணனைச் சந்தேகப்பட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுடைய ஒற்றுமை கடைசிவரை குறையவே இல்லை. பிளவு எவ்வளவு அகலம் என்று இருவரும் முழம் போட்டுப் பார்த்தார்களே தவிர, சுவருக்குள் ஜன்னல் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்பா விட்டுப்போன ஒரே கட்டடத்தைப் பாகம் பிரித்தபோது, நடுவில் இருந்த அறையின் குறுக்கே எழுப்பிய சுவர் அது. அறை அவர்களுடைய தங்கையுடையது. கல்யாணமாகிப் போனவளுக்கு அறை எதற்கு என்றார் பெரியவர், அதோடு பேச்சு முடிந்தது. தங்கைக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் பங்கு கேட்கிறாள் என்று அவள்மீதும் சந்தேகம் விழும், பிறந்த வீட்டு வாசலை மிதிக்க வழியில்லாமல் போய்விடும் என்று பயந்தாள். ஆகவே சாயங்காலங்களில் பெரியண்ணன் கடையில் கொஞ்ச நேரம், சின்னண்ணன் கடையில் கொஞ்ச நேரம் என்று எடைபோட்டு உட்கார்ந்துவிட்டுப் போவாள். ஒரு பக்கம் சிரிப்புச் சத்தம் சற்றுக் கூடினாலும் மறுபக்கம் முகம் கறுத்துவிடும்.

தங்கையின் கணவர் பலகைக்காரர். கடை வாசல்களுக்குப் பிளாஸ்டிக் பெயர்ப்பலகை செய்து மாட்டுவது அவர் தொழில். கை சுத்தமான வேலை, ஆனால் மச்சான்கள் முன்னால் நின்றால் முதுகெலும்பு கரைந்துவிடும். பாகம் பிரிந்த கையோடு இருவரும் புதுப் பலகை கேட்டபோது தனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தான் பார்த்தார். அக்ரிலிக் பிளாஸ்டிக் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். கரும் நிறம் சூட்டை இழுக்கும், வெளிர் நிறமாக வைத்துக்கொள்ளலாம். ஓட்டை ஸ்க்ரூவைவிடப் பெரிதாக, நீளவாக்கில் இருக்க வேண்டும். வாஷர் போட்டு, முழுக்க முறுக்காமல் விட வேண்டும். இரண்டு பலகைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளியாவது வேண்டும்.

“இடைவெளியா? அது யார் பங்கு?” என்றார் பெரியவர்.

“ஓட்டையப் பெரிசாப் போட்டா பலகை நகருமே மாப்ள. எந்தப் பக்கம் நகரும்? அதச் சொல்லுங்க” என்றார் சின்னவர்.

சொந்தக்காரன் இல்லாத ஒரு விரல் இடத்தை அடுத்தவன் வளைத்துப்போட்டுவிடுவான் என்பது இருவரின் கணக்கு. கடைசியில் ஒன்று கருநீலம், மற்றது கறுப்பு, விளிம்போடு விளிம்பு ஒட்டி, எல்லா ஸ்க்ரூவும் கை நோக முறுக்கியாயிற்று. தப்பு என்று தெரிந்தே செய்தார்.

வேறு பலகைகளாக இருந்தால் கோடையில் வயிறு தள்ளியிருக்கும், ஓட்டை ஓரத்தில் கீறல் விட்டிருக்கும். இவை சொந்தக்காரர்களின் பிடிவாதத்தைக் கற்றுக்கொண்டு, வளையாமல் வெடிக்காமல் ஒன்றையொன்று நெட்டித் தள்ளின. கடைகள் நகர்ந்தன. மருந்துக்கடை ஒரு புட்டிகூடக் கீழே விழாமல் இந்தப் பக்கம் போயிற்று, கண்ணாடிக்கடை அந்தப் பக்கம் போயிற்று. சுவர் இரண்டு தோலாகப் பிரிந்து நடுவில் வழி விட்டது. மூலையில் இருந்த சலூன் வளைவில் திரும்பி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. பாதி சவரத்தோடு வெளியே வந்த ஒருவர் தன் சைக்கிளைக் காணோம் என்று கத்தினார். சலூன்காரர் முதலில் திட்டினார், புதுத் தெருவில் வியாபாரம் சூடுபிடித்ததும் அடங்கிவிட்டார்.

குளிர்காலம் வந்தது. பலகைகள் சுருங்கின, கடைகள் திரும்பி வரவில்லை. பலகைகளுக்கு இடையே விழுந்த இடைவெளியைப் பார்த்த பெரியவர், தம்பி தனக்குத் தெரியாமல் ஓரத்தை அறுத்துவிட்டான் என்றார். தம்பியும் அதையே அண்ணனைப் பற்றிச் சொன்னார். இருவரும் தனித்தனியாக, ரகசியமாக, பலகைக்காரரைக் கூப்பிட்டு நீளமான பலகை போடச் சொன்னார்கள். அவரும் இடைவெளி தெரியாமல் இறுக்கிப் போட்டார். அடுத்த கோடையில் கடைகள் மேலும் தள்ளிப்போயின. அப்படியே வருஷங்கள் ஓடின. ஓரம் குறைகிறதா என்று பார்க்கப் பெரியவர் தினமும் பலகையில் பென்சில் கோடு கிழித்தார். சின்னவர் பூதக்கண்ணாடி வைத்து அண்ணனுடைய ஸ்க்ரூக்களை ஆராய்ந்தார். எதுவும் அகப்படாததால் இருவருக்கும் பலகைக்காரர்மேல் சந்தேகம் திரும்பியது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று இந்தப் பக்கமும், இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று அந்தப் பக்கமும் முடிவாயிற்று. ஒரு நாள் பெரியவர் தங்கையிடம், “அங்க போறதுன்னா இனிமே இங்க வராத” என்றார். அங்கே போனாள். சின்னவரும் அதையே சொன்னார்.

எது நடக்கக் கூடாது என்று இத்தனை வருஷம் வாயைக் கட்டியிருந்தாளோ அது நடந்துவிட்டது. எதிர்ச்சாரியில் நின்று வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்து கண்ணைத் துடைத்தபோதுதான் இரண்டு கடைக்கும் நடுவே இருந்த பிளவை நன்றாகப் பார்த்தாள். ஓர் ஆள் அகலத்தை அது எப்போதோ தாண்டியிருந்தது. உள்ளே போனாள். அவளுடைய அறை அப்படியே இருந்தது: பள்ளிக்கூடப் பை மாட்டிய ஆணி, ஜன்னல் கம்பியில் அவள் கட்டிய ரிப்பன், சின்னண்ணன் பந்தடித்து உடைத்த கண்ணாடிக்குப் பதிலாகப் பெரியண்ணன் வெட்டி வைத்த அட்டை. ஒரு மூலைகூடக் குறையவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

“டேய், உள்ள என்னடா பண்ற?” என்று ஒரு சுவருக்குப் பின்னாலிருந்து பெரியவர் அதட்டினார். “நானில்ல, நீதான்!” என்று மறு சுவருக்குப் பின்னாலிருந்து சின்னவர் கத்தினார். பாகம் பிரிந்தபின் அவர்கள் நேராகப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“நான்தான். என் ரூம்ல உக்காந்திருக்கேன்” என்றாள் தங்கை.



அந்த வருஷத்துப் பலகைகளுக்கு அளவெடுக்கக் கணவர் கிளம்பியபோது அவள் வாசலில் மறித்தாள். “என்னங்க, இந்தத் தடவ இடம் விட்டு மாட்டுங்க.”

“இடைவெளி யார் பங்குன்னு உங்க அண்ணனுங்க கேப்பாங்களே.”

“என் பங்குன்னு சொல்லுங்க.”

அவர் போய்ச் சொன்னார். பெரியவரும் சின்னவரும் இடம் அடுத்தவனுக்குப் போகாது என்பது மட்டும் புரிந்ததால் தலையாட்டினார்கள். பலகைகள் அவரவர் கடை அகலத்தோடு நின்றன. வெளிர் நிறம், நீள ஓட்டை, வாஷர், முறுக்கிய பின் அரைச் சுற்றுத் தளர்த்திய ஸ்க்ரூ. அதற்குப் பிறகு தெரு நகரவில்லை. சலூன்காரரும் திரும்பி வரவில்லை.

தங்கை அந்த அறையில் தையல் மிஷின் போட்டாள். தம்பி வந்து உட்கார்ந்திருக்கிறானா என்று பார்க்க அண்ணன் தினமும் வருகிறார், அண்ணன் வந்தாரா என்று பார்க்கத் தம்பி வருகிறார். வந்தவர்களுக்கு அவள் தண்ணீர் கொடுக்கிறாள். சில நாள் இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டு, யார் நாற்காலி சுவருக்குக் கிட்டே இருக்கிறது என்று கவனித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அவளுடைய வாசலுக்கு மேலே மட்டும் பலகை கிடையாது. கோடை உச்சிவேளையில் இரண்டு பக்கத்துப் பலகைகளும் அவள் வாசலுக்கு மேலே நீண்டு வந்து எதிரெதிரே நின்றுவிடுகின்றன. துணி கொடுக்க வந்தவர்கள் அந்த நிழலில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, நடுவே ஒரு விரலை விட்டுப் பார்க்கிறாள். நுழைகிறது. இறங்கிப் போய் மிச்சத் தையலைத் தொடர்கிறாள்.