‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை கேக்காத நூலகம்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் என்மேல் வருத்தப்படக் கூடாது. ஒரு பல்கலைக்கழகத்தின் கருத்தரங்க மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘பல்கலைக்கழக நூலகங்களில் சேவைத் தர மேம்பாடு.’ நானும் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன்.

சேவைத் தரம் என்பது பயனாளியின் எதிர்பார்ப்புக்கும் அவருக்குக் கிடைக்கும் அனுபவத்துக்கும் இடையே உள்ள

இடையே என்ன உள்ளது? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அந்த வாக்கியத்தின் முனையில் தேவிப்ரியா நின்றுகொண்டிருந்தாள். [பொய். அவள் வந்தது மறுநாள். டீ குடித்ததும் வந்தாள் என்றால் எழுத்தாளனுக்கு ஒரு மரியாதை, அதற்காகச் சொன்னேன்.]

இதைப் படிக்கிற நீங்கள் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். கதையை இன்னும் திறக்கவில்லை. அதோ, நூலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம், பை வைக்கிற அலமாரி ஓரமாக. ஆரம்பித்ததும் கூப்பிடுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: “சங்ககிரி மலைக்கோட்டையின் மேல் சூரியன்” வேண்டாம். மலையை எல்லாம் கூப்பிட்டால் நூலகத்துக்குள் எங்கே உட்கார வைப்பது?

தொடக்கம் இரண்டு: “தேவிப்ரியா அழுதுகொண்டிருந்தாள்.” இதுவும் ஆகாது. அவள் அழுகிற ரகம் இல்லை, அழ வைக்கிற ரகம்.

தொடக்கம் மூன்று: தேவிப்ரியாவுக்கு வேலை போகப் போகிறது.

இது பரவாயில்லை, இதையே பிடித்துக்கொள்வோம். தேவிப்ரியா அந்த நூலகத்தில் ஒப்பந்த உதவி நூலகர். போன வருடம் வந்த மதிப்பீட்டுக் குழு, சேவைத் தரத்துக்குப் படுமோசமாக மார்க் போட்டுவிட்டுப் போனது. இந்த வருடமும் அப்படி என்றால் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். புதுப்பிக்காவிட்டால் சங்ககிரியில் மாமாவின் லாரி புக்கிங் ஆபீசில் போன் எடுக்க வேண்டியதுதான். மாமா இப்போதே நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார். சுழலுகிற நாற்காலி.

அவளுக்கு அந்த நாற்காலி வேண்டாம். வேறு அடுக்கில் தொலைந்து கிடக்கிற புத்தகத்தைக் கண்டுபிடித்து அதன் இடத்தில் வைத்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குப் பசியே எடுக்காது. அவ்வளவு பிடித்த வேலை. தேடுகிற கணினியைச் சரிசெய்தாள், மின்விசிறியை ஓட வைத்தாள், போன் சார்ஜ் போட இடம் செய்தாள். மார்க் ஏறுமா என்று மட்டும் தெரியவில்லை.

3

இங்கே சௌந்திரம் வருகிறார். ஆட்டையாம்பட்டிக்காரர், தறி ஓட்டுகிறவர். மகன் தனுஷ் விடுதியில் காய்ச்சலாய்ப் படுத்து ஊருக்கு வந்துவிட்டான், அவன் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அம்மா வந்திருக்கிறார். தேவிப்ரியா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், “கார்டு?” என்றாள்.

சௌந்திரம் புத்தகத்தை மேஜையில் வைத்தார். கையை எடுக்கவில்லை.

“ஏனம்மிணி, ரெண்டு பஸ்சு மாறி வந்திருக்கறன். வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?”

“இது லைப்ரரிங்க.”

“இருக்கட்டும். கதவு இருக்குதல்ல? கதவு இருந்தா வாங்கன்னு கேக்கோணும்.”

(* வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் வீட்டுக்கு வந்த ஒறம்பரையை, அதாவது விருந்தாளியை, ஆள் ஆளாக முகம் பார்த்து ‘வாங்க’ என்று கேட்க வேண்டும்; கேட்பது என்றால் இங்கே வரவேற்பது. மொத்தமாகச் சேர்த்துக் கேட்டால் செல்லாது. கல்யாண மண்டபத்தில் ஒருவரைக் கேட்காமல் விட்டுப்போனால் அவர் பந்திக்கே வராமல் பஸ் ஏறிவிடுவார். தாமதமாகக் கேட்டால் சிலர் ஏற்றுக்கொள்வார்கள். சிலர் அடுத்த தலைமுறையில்தான் பேசுவார்கள்.)

தேவிப்ரியாவுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அவளுடைய சொந்தப் பெரியம்மா அவர்கள் வீட்டோடு பேச்சை நிறுத்தியதே இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். கணினி, மின்விசிறி, சார்ஜர் எல்லாம் செய்தவள் இதை எப்படி மறந்தாள்? சேவைத் தரம் என்பது, அடக் கடவுளே, இவ்வளவுதானா?

4

மறுநாள் முதல் உள்ளே வந்த ஒவ்வொருவரையும் எழுந்து நின்று கேட்டாள். “வாங்க.” “வாங்க சாமி.” “வாங்க, சாப்டாச்சா?”

பையன்கள் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள், வேறு யாரையோ கேட்கிறாள் என்று. அப்புறம் பழகிக்கொண்டார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே, “ஆமாங்க, வந்தனுங்க” என்றார்கள். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டு ஆள் கணக்கு, அவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். கடைசி மேஜையில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த யாழினி ஒவ்வொரு முறையும் எழுந்து எழுந்து உட்கார்ந்ததில், முன்னுரையிலேயே முழங்கால் வலி வந்துவிட்டது. வெயிலுக்கு ஒதுங்க வந்தவர்கள்கூட நண்பர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். கூட்டம் அள்ளியது. படிக்கத்தான் முடியவில்லை.

தலைமை நூலகர் ஆண்ட்ரூஸ் அறையைவிட்டு வெளியே வந்தார். சூரமங்கலத்துக்காரர். தும்மல் வந்தால் தோட்டத்துக்குப் போய்த் தும்மிவிட்டு வருகிற மனிதர்.

“என்னம்மா இது, நூலகமா முகூர்த்த மண்டபமா? அடுத்து பன்னீர் தெளிப்பீங்களா?”

[ஆண்ட்ரூஸை வில்லனாக்கத்தான் நினைத்தேன். மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஆனால் அந்த ஆள், கத்திக் கத்தித் தேவிப்ரியாவுக்குத் தொண்டை கட்டியிருப்பதைப் பார்த்து, மிளகு போட்ட பால் வாங்கிவரச் சொல்லிவிட்டார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன வில்லத்தனம் செய்வது? மீசையை எடுத்துவிட்டேன்.]

“வாங்கன்னு கேக்கலீன்னா மார்க்கு வராதுங்க சார். வேலை போயிருமுங்க.”

“கத்தினா மட்டும் வருமா? வாங்கன்னு கேளு. சத்தம் வராம கேளு.”

அப்படியே முடிவாயிற்று. கையைக் கூப்பி, முகம் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்து ஒரு ‘வாங்க’. எல்லோருக்கும் ஆண்ட்ரூஸே பயிற்சி கொடுத்தார். இரண்டு கட்சிக்கும் நியாயம் செய்தாயிற்று என்று அவருக்கு ஏக சந்தோஷம். இந்த மாதிரி சமரசம் நம் ஊர் நூலகத்தில்தான் நடக்கும்.

5

மதிப்பீட்டுக் குழுத் தலைவர் வந்தார். பேராசிரியர் மதியழகன், திருச்செங்கோட்டுக்காரர், வலது காதில் கேட்கும் கருவி. அது எனக்குத் தெரியும். தேவிப்ரியாவுக்குத் தெரியாது.

அவள் எழுந்தாள். கை கூப்பினாள். உதட்டை அசைத்தாள்.

மதியழகன் நின்றார். காதைத் தொட்டார். ஆண்ட்ரூஸ் உதட்டை அசைத்தார். கூடம் முழுக்க நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு எழுந்து நின்று உதட்டை அசைத்தது. மதியழகன் முகம் வெளுத்துவிட்டது. கருவியைக் கழற்றித் தட்டினார், ஊதினார், பேட்டரியை மாற்றி மாட்டினார். அது ‘கீ’ என்று ஒரு கத்துக் கத்திவிட்டு அடங்கியது. மறுபடியும் பார்த்தார். மறுபடியும் எல்லோரும் இன்னும் மரியாதையாக, இன்னும் அகலமாக, உதட்டை அசைத்தார்கள்.

“ஏனுங்க!” என்று அலறினார். “அத்தனை பேரும் பேசறீங்க, எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்களே! சுத்தமாப் போயிருச்சுங்களா?”

மகனுக்கு அடுத்த புத்தகம் எடுக்க வந்திருந்த சௌந்திரத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. வந்த மனிதரை வாசலிலேயே நிற்க வைத்து இப்படியா ஊமை ஜாடை காட்டுவார்கள்?

“வாங்க!” என்றார், தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில். “வாங்க சாமி! உள்ள வாங்க!”

புத்தக அடுக்கு அதிர்ந்தது. ஆண்ட்ரூஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

“கேக்குதுங்க!” என்றார் மதியழகன். அவர் கண்ணில் தண்ணீர். “அய்யா, கேக்குதுங்க!”

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் மார்க் போடுகிற ஆளாகிவிட்டார். “அந்தம்மா வாங்கன்னு கேட்டாங்க. அவிய இங்க வேலைல இல்லீங்க. வேலைல இருக்கறவங்க வாயத்தான் அசைச்சீங்க. நான் எதுக்குங்க மார்க்கு போடறது?”

தேவிப்ரியாவின் காதில் மாமாவின் போன் அடித்தது.

6

முடிவு அ: முழு மார்க். நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

முடிவு ஆ: பூஜ்யம். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, “ஹலோ, லோடு எந்த ஊருக்குங்க?” அதையும் அவள் நன்றாகத்தான் செய்வாள். அதுதான் சங்கடம். எழுதிவிட்டு அழித்துவிட்டேன்.

முடிவு இ: திடீரென்று கரண்ட் போய்… சீச்சீ.

என் கையாலாகாத்தனம் பொறுக்காமல் மதியழகனே வாயைத் திறந்தார். “இங்க நிக்கற யாராச்சும் ஒருத்தரக் கேட்டுப் போட்டுடறனுங்க. இதுல சம்பந்தப்படாத ஆளா இருக்கோணும்.”

“நான் சொல்றனுங்க,” என்றார் சௌந்திரம்.

“நீங்க ஆகாதுங்க. நீங்க கட்சிக்காரங்க.”

பையன்கள் ஆகாது, உதட்டை அசைத்தவர்கள். யாழினி ஆகாது, முழங்கால். அவர் கண் மெதுவாகக் கூடத்தைச் சுற்றிவிட்டு, கண்ணாடிக் கதவுப் பக்கம் போய், பை வைக்கிற அலமாரி ஓரமாக நின்றது.

உங்கள்மேல்.

தேவிப்ரியாவும் திரும்பிப் பார்த்தாள். முதல் பகுதியிலிருந்து நிற்கிறீர்கள். கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நான் கூப்பிடவே இல்லை. சத்தமாகக் கேட்ட காலத்திலும் உங்களை யாரும் கேட்கவில்லை, ஊமையாகக் கேட்ட காலத்திலும் கேட்கவில்லை. இத்தனை ‘வாங்க’ நடந்த கட்டடத்தில் உங்கள் முகம் பார்த்து ஒன்றுகூட இல்லை. தப்பு என்னுடையது, வேலை அவளுடையது.

அவள் ஆண்ட்ரூஸைப் பார்த்தாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, உங்களுக்கு எதிரே நின்று, கட்டிய தொண்டையோடு, நன்றாகவே சத்தம் போட்டுக் கேட்டாள்:

“அய்யோ, எப்ப வந்தீங்க? பாக்கலீங்க, மனசுல வெச்சுக்காதீங்க. வாங்க. வாங்க சாமி, உள்ள வாங்க.”

மதியழகன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கருவி மாட்டிய காதை உங்கள் பக்கம் திருப்பியிருக்கிறார். நான் குறுக்கே பேசப் போவதில்லை. மார்க்கைச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக, அவருக்குக் காது மந்தம்.