தார்ப்பாய்க்கு அடியில் இருந்த வண்டி

ஷார்ஜாவைத் தலைமுழுகிவிட்டுக் குடவாசலுக்கு வந்து சேர்ந்த முகம்மது யூசுப், மறுநாள் காலையிலேயே கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்த லாம்ப்ரெட்டாவைத் திறந்தார். பெண்டாட்டியிடம் இன்னும் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியிருக்கவில்லை. அதற்குள் வண்டியின் நலம் விசாரிக்க உட்கார்ந்துவிட்டார்.

மெஹராஜ் பேகத்துக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமை போனிலும் அவர் தவறாமல் கேட்டது இதைத்தான்: "வண்டிய மூடி வச்சிருக்கீங்கள்ல? யாரும் தொடலையே?" கல்யாணத்துக்கு முன்னால் தன் கைக்காசில் வாங்கிய வண்டி. லீவில் வந்தபோதெல்லாம் அதில் ஏறவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவன் ஸ்கூட்டரில் போனால் ஊர் என்ன நினைக்கும்? கடைத்தெருவுக்குப் போய் வெற்றிலை வாங்கக்கூட வாடகைக் கார்தான். இப்போது நிரந்தரமாக வந்தாயிற்று. தம்பி சித்தீக்கின் மகள் அனீஸாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பெண்ணின் பெரியத்தா என்ற கெத்தோடு மண்டபத்து வாசலில் லாம்ப்ரெட்டாவில் போய் இறங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

வண்டி ஒத்துழைக்கவில்லை. கிக்கரை மிதித்தால் காலைத் திருப்பி அடித்தது. எப்படியோ கிளம்பினாலும் சற்று நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுப் படபடவென்று சைலன்சரில் வெடித்தது, பிறகு இழுக்க முடியாமல் திணறியது. பிளக்கை மாற்றினார், பாயின்ட்டை மாற்றினார், கண்டென்சரையும் மாற்றினார். பிளக்கில் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, சரியாக வைத்து முடுக்கினால் மறுநாள் அது வேறெங்கோ நின்றது.

கடைசியில் திருவாரூரிலிருந்து முருகையன் என்ற மெக்கானிக்கை வரவழைத்தார். முருகையன் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தான். வண்டி ஓட ஓட, என்ஜினோடு சேர்ந்து சுற்றும் மேக்னட் சக்கரத்தில் இருந்த கோடு ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் அலைந்தது. மேக்னட்டைக் கழற்றி வெயிலில் காட்டினான்.

"பாருங்க பாய். நடுவுல இருக்கற இந்தக் குடத்தையும் வெளிச் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கறது இந்த ரிவிட்டுங்கதான். எல்லாம் லூசு. உள்ளது ஒரு பக்கம் நிக்குது, வெளியில இருக்கறது ஒரு பக்கம் போவுது. அப்புறம் டைமிங் எங்க நிக்கும்? யாரோ இத இழுத்துக் கழட்டற புல்லர் இல்லாம சுத்தியால அடிச்சுக் கழட்டியிருக்காங்க. வெல்டிங் வேற வச்சிருக்காங்க."

"யாரும் தொடாத வண்டிய்யா இது."

"தொடாத வண்டியா? ரொம்ப ஓடின வண்டி பாய் இது."

தேநீரோடு வந்த மெஹராஜ் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். யூசுப் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"என் வண்டிய ஓட்டிக் கெடுத்தது நீதானடா?"

"ஆமாண்ணே. நான்தான். மன்னிச்சுக்குங்க" என்றான் சித்தீக்.

"தொடாதேன்னு சொல்லிட்டுப் போனவன் பேச்சுக்கு இவ்வளவுதான் மரியாதையா? உன் வீட்டு நிக்காஹுக்கு இந்த யூசுப் வர மாட்டான். போனை வைடா!"

மெஹராஜுக்கு நெஞ்சு எரிந்தது. பாவி, எனக்காகப் பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டானே! அண்ணன் தம்பி இருவருக்கும் அத்தா இல்லை; மாப்பிள்ளை வீட்டாருக்கு எதிரே அண்ணன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான்!

முருகையன் போகிற வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"சித்தீக் ஓட்டலங்க. நான்தான் ஓட்டினேன்."

யூசுப் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க அம்மாவுக்குக் கால்ல சர்க்கரைப் புண்ணு. ஒண்ணு விட்டு ஒரு நாள் திருவாரூர் ஆஸ்பத்திரியில கட்டு மாத்தணும். பஸ் படி ஏற முடியல. சித்தீக் கடையப் போட்டுட்டு எத்தனை நாளைக்கு வருவான்? அவன்தான் நெல்லு காயப்போடற களத்துல வச்சு எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்தான். பின்னாடி உங்க அம்மா ஒருக்களிச்சு உக்காந்து என் இடுப்பப் பிடிச்சுக்குவாங்க. ஒரு நாள் பாதி வழியில நின்னு போச்சு. பக்கத்துல இருந்த லேத் பட்டறையில மேக்னட்ட அடிச்சுக் கழட்டி வெல்டிங் வச்சுக் குடுத்தாங்க. அதோடதான் அவங்க மவுத்தாகிற வரைக்கும் ஓட்டினேன்."

அவர் துணியைக் கீழே போட்டார்.

"நீ... பர்தாவப் போட்டுக்கிட்டு, கடைத்தெரு வழியா?"

"வேற வழி எங்க இருக்கு?"

"ஊர்ல யாராச்சும் பாத்தாங்களா?"

மெஹராஜுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அம்மாவின் புண் ஆறியதா, வலியில் துடித்தாளா, கடைசியில் என்ன சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்? ஒன்றும் கேட்கவில்லை இந்த மனுஷன்.

"ஊருக்கே தெரியும். பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார்லேருந்து பஸ் ஸ்டாண்டு பூக்காரி வரைக்கும் தெரியும்."

"எங்கிட்ட மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. வண்டி எப்படி இருக்குன்னு வாராவாரம் கேட்டீங்க. அம்மா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறாங்கன்னு ஒரு வாரமாச்சும் கேட்டீங்களா?"

யூசுப்பின் முகம் சுண்டிப்போனது. சரி, மனசு இறங்கிவிட்டது, தம்பியைக் கூப்பிட்டு இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் தார்ப்பாயை இழுத்து வண்டியின் மேல் போட்டார்.

"ஓட்டினது அவன்தான். அவனே ஒத்துக்கிட்டான். அது அப்படியே இருக்கட்டும்."

"உங்களுக்கே இது நியாயமாப் படுதா?"

"தம்பி ஓட்டினான்னா அது வீட்டுச் சண்டை. பொண்டாட்டி ஓட்டினது ஊருக்கே தெரிஞ்சு புருஷனுக்கு மட்டும் தெரியாதுன்னா நான் எந்த மூஞ்சியோட அந்த மண்டபத்துல உக்காருவேன்? யாராச்சும் கேட்டா எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு."

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆட்டோவில் தனியாகப் போனாள். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று. நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத்தும் வந்துவிட்டார். சித்தீக்குக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. இதோ வந்துவிடுவார் என்று சொல்லிச் சொல்லியே நேரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். கடைசியில் பெண்கள் பக்கத்துத் திரையோரமாக வந்து நின்றான்.

"அண்ணன் கிளம்பிட்டாங்களா அண்ணி?"

காய்ச்சல் என்று சொல்ல வாயெடுத்தாள் மெஹராஜ். இத்தனை வருஷமும் போனில் சொன்னது அந்த மாதிரிதானே? எல்லாரும் நல்லா இருக்கோம், வண்டி மூடியிருக்கு, அம்மாவுக்குப் பெரிசா ஒண்ணும் இல்லை. சுற்றியிருந்த பெண்கள் அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவரு வர மாட்டாரு, சித்தீக். உண்மைய நான் சொல்லிட்டேன். சொன்ன பிறகும் நீ கெட்டவனா இருக்கறதுதான் அவருக்குச் சௌகரியமா இருக்கு."

சித்தீக் தலையைக் குனிந்துகொண்டான். தோளில் கிடந்த துண்டால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்தான். திரும்பிப் போய், பக்கத்து நாற்காலியைத் தானே தூக்கிச் சுவரோரமாக வைத்தான்.

"ஆரம்பிச்சுடலாம் ஹஜ்ரத்" என்றான்.