பொங்கிய கரைப்பான்

காற்றை உறிஞ்சும் பம்பின் வால்வை மெல்லத் திறக்கவும் என்று சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஒட்டியவனே நான்தான். இருந்தும் அவசரத்தில் ஒரேயடியாகத் திருகிவிட்டேன். குடுவைக்குள் இருந்த பழுப்புக் கரைசல் அடுப்பில் மறந்த பால்போலப் பொங்கி, குழாய் வழியே பாய்ந்து, மறுபக்கம் தெளிவாகச் சேர்ந்திருந்த கரைப்பானில் போய் விழுந்தது. காலை முழுக்கச் சேர்த்ததெல்லாம் ஒரு நொடியில் தேநீர் நிறமானது.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் பிழைப்பே அந்தத் தெளிவில்தான் இருந்தது. பழச்சர்க்கரையைக் கரைப்பானில் போட்டுச் சூடாக்கினால் பிளாஸ்டிக் செய்ய உதவும் ஒரு பொருளாக மாறும். அதைப் பலரும் செய்கிறார்கள். செடிகொடிகளிலிருந்து எடுத்த கரைப்பானை ஆவியாக்கிப் பிடித்து, மறுபடி மறுபடி அதையே பயன்படுத்துவதுதான் எங்கள் பெருமை. எங்கள் என்றால் அண்ணியின் பெருமை. தலைமை அவர், குழாய்களுக்கு ஊழியம் செய்பவன் நான். அன்று மதியம் எங்களுக்குப் பணம் தரும் நிறுவனத்தின் பரிசோதகர் வருவதாக இருந்தது. மீட்ட கரைப்பானில் சர்க்கரை மாறுவதைக் காட்டினால் இதையே பெரிய ஆலையாகக் கட்டச் சம்மதம்; காட்டாவிட்டால் கூடத்துக்குப் பூட்டு.

அண்ணி வந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"புது கேன் இருக்கு அண்ணி. அதை ஊத்திரட்டுமா? பார்த்தா வித்தியாசமே தெரியாது."

"புதுசுல யாரு செஞ்சாலும் நல்லா வரும், தம்பி," என்று சொல்லிவிட்டுக் கையுறை மாட்டப் போய்விட்டார். குடை எடுத்துப் போகவா என்று கேட்டால், வானத்தைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்பவர் அவர். இதற்கு மேல் பதில் வராது. கேனை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கெட்டதை மறுபடி குடுவையில் ஊற்றி, குழந்தை தூங்கும் அறைக் கதவைத் திறப்பதுபோல வால்வைத் திறந்தேன். பாதிகூடச் சேரவில்லை, பரிசோதகர் வந்துவிட்டார். தோளில் பையோடு ஓர் அம்மாள். குடுவை ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க பொங்க விட்டேன்."

பரிசோதகர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொட்டுகள் தெளிவாகவே விழுந்தன. கடைசிச் சொட்டுகளில் லேசாக மஞ்சள் தட்டியதும் அண்ணி நிறுத்திவிட்டார். குடுவையில் மிஞ்சிய கரைப்பான் நஷ்டம். கிடைத்ததில் சர்க்கரையைப் போட்டுக் கொதிக்க வைத்தோம். மாதிரியை அளக்கும் கருவியின் திரையில், எவ்வளவு சர்க்கரை மாறியது என்று காட்டும் கோடு ஊர்ந்தது. ஊர்ந்துகொண்டே இருந்தது. பிறகு மேலே ஏறி, வழக்கமான உயரத்துக்குச் சற்றுக் கீழே நின்றது.

போதுமா என்று பரிசோதகரைக் கேட்டேன். பார்க்கணும் என்றார். அண்ணியைக் கேட்டேன். உனக்கு என்ன தோணுது என்றார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும்.

பரிசோதகர் பையை மாட்டிக்கொண்டு இறங்கினார். படிகளில் பின்னாலேயே ஓடினேன்.

"மூடுறீங்களா, இல்லையாங்க? நான் எங்க போனாலும் குழாய் கழுவிப் பொழச்சுக்குவேன். அண்ணி ராத்திரி தூக்கத்துலயும் இதைத்தான் பேசுறாங்களாம், அண்ணன் சொல்றாரு."

காரின் கதவைப் பிடித்தபடி நின்று என்னை நேராகப் பார்த்தார்.

"கெட்டுப்போனதையே மீட்டுட்டீங்க. ஆனா திரும்பி வந்த கரைப்பான் குறைவு. பெரிய ஆலைக்கு இப்ப சம்மதிக்க மாட்டேன். இந்தக் கூடத்தை மூடச் சொல்லவும் மாட்டேன்."