ஸ்டுடியோ படிக்கப் போனவள்

என் மனைவி வெளிநாட்டில் ஸ்டுடியோ ஆர்ட் படிக்கிறாள் என்று சொன்னால் ஒருத்தர் காதிலும் 'ஆர்ட்' விழுவதில்லை. 'ஸ்டுடியோ' மட்டும்தான் விழுகிறது. விழுந்ததும் என் கடையின் பெயர்ப்பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ், குடும்பப் படம், அவசரமென்றால் பத்தே நிமிடத்தில் கையில் பிரிண்ட்.

"வீட்டுக்காரர்கிட்டயே ஸ்டுடியோ இருக்கும்போது அத்தனை தூரம் போய்த்தான் படிக்கணுமா?" என்று கேட்பார்கள். முதலில் விளக்கிப் பார்த்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மிஸ், அங்கே ஓவியர்களுக்கென்று ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது, ஆளுக்கொரு அறை கொடுத்து வரைய விடுவார்கள், அந்த அறைக்குப் பெயர்தான் ஸ்டுடியோ என்று. வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் "ஆமாங்க, கேமரா பிடிக்கக் கத்துக்கப் போயிருக்கா" என்று சொல்லி ஆளை அனுப்பிவிடுகிறேன்.

போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதை இப்படிப் பச்சையாகச் சொல்ல நாற்பத்தாறு வயதில் கூச்சமாகத்தான் இருக்கிறது. வீடு முழுக்க பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் நாற்றம் என்று அவளிடம் எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறேன்! இப்போது தினமும் காலையில் அவள் அலமாரியைத் திறந்து, அந்த பாட்டிலின் மூடியைத் திருகி, ஒருமுறை முகர்ந்துவிட்டு மூடி வைக்கிறேன். ஆவியாகித் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒருமுறைக்கு மேல் முகர்வதில்லை.

போன மாதம் கூப்பிட்டாள். படிப்பு முடியப்போகிறதாம். கடைசியாகப் போர்ட்ஃபோலியோ கொடுக்க வேண்டுமாம். இதுவரை வரைந்ததில் தேறியதையெல்லாம் சேர்த்துக் காட்டும் தொகுப்பு அது. அதைப் பார்த்து ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அதே அறையில் இன்னும் இரண்டு வருடம் இடம் கொடுப்பார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பக்கத்து மருந்துக்கடை என் மச்சானுடையது. அவளுடைய அண்ணன். "போர்ட்ஃபோலியோவா? அது மந்திரிங்களுக்குக் குடுக்கிறதாச்சே மாப்பிள்ளை! நம்ம வீட்டுக்கு எந்த இலாகா வருது?" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து இறங்குவதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"பரண் மேல பழைய பெட்ஷீட்ல சுத்திப் பதினேழு படம் வச்சிருக்கேன். அதையும் சேர்க்கணும். போட்டோ பிடிச்சு அனுப்புங்க," என்றாள்.

"பாஸ்போர்ட் சைஸா, ஸ்டாம்ப் சைஸா?"

"ஐயோ, விளையாடாதீங்க. உங்களை நம்பித்தான் இருக்கேன்."

கடைக்கு எடுத்துப் போய்ப் பிரித்தேன். பதினேழிலும் ஒரே ஆள். முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். காலர் நைந்த சட்டை, ஒரு பக்கம் தூக்கிய தோள். 'யாருடா இந்த அரை வழுக்கை' என்று சிரித்துவிட்டு, அப்புறம்தான் என் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தேன். நம் முதுகை நாம் எங்கே பார்த்தோம்?

வேலையை நன்றாகத்தான் செய்தேன். இரண்டு பக்கமும் லைட் வைத்து, பளபளப்பு அடிக்காமல், கோணல் இல்லாமல் எடுத்தேன். பிறகு வழக்கம்போல டச்சப். என் தொழிலில் ஆளைத் தவிர வேறெதுவும் படத்தில் இருக்கக்கூடாது. பரு, நிழல், தோளில் ஒட்டிய முடி, எல்லாவற்றையும் கை தானாகவே துடைத்துவிடும். இந்தப் படங்களில் என் முழங்கைப் பக்கத்தில் ஒரு டம்ளர் குறுக்கே நின்றது. அதைப் பதினேழிலும் எடுத்துவிட்டு, மேசையை நிரவி, பளிச்சென்று அனுப்பினேன். முழுசாக அரை நாள் வேலை. சபாஷ் என்பாள் என்று காத்திருந்தேன்.

மறுநாள் மதியம் கூப்பிட்டாள்.

"டம்ளர் எங்கங்க?"

"எந்த டம்ளர்?"

"படத்துல இருந்த டீ டம்ளர்."

"அதுவா? குறுக்கால இருந்துச்சு, எடுத்துட்டேன். இப்ப எவ்ளோ நீட்டா இருக்கு பாரு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்த டம்ளர்தாங்க படம். டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பேன். நீங்க திரும்ப மாட்டீங்க. அது ஆறி ஆடை படியிற வரைக்கும் பின்னால நின்னு வரைவேன். அதுல நீங்க வெறும் பேக்ரவுண்டுங்க."

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வெள்ளையா நீலமா என்று கேட்டுக் கேட்டுப் பேக்ரவுண்டு மாற்றுகிறவன் நான்.

"டச்சப் பண்ணாத படம் வச்சிருக்கீங்களா?" என்றாள். "இன்னும் ஒரு மணி நேரத்துல நான் குடுத்தாகணும்."

வைத்திருந்தேன். ஆனால் 'அடடா, அழிச்சுட்டேனே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு மணி நேரத்தில் மறுபடி எடுக்க முடியாது. யாருக்கும் சந்தேகம் வராது. அவள் வந்துவிடுவாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்தப் பொய். எதிரே சாத்தி வைத்திருந்த முதல் படத்தின் ஓரத்தில் அவள் போட்டிருந்த தேதி கண்ணில் பட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது. பாவி, இத்தனை வருடம் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள், கால் வலித்திருக்குமே என்று தோன்றியது.

"இருக்கு. அஞ்சு நிமிஷத்துல வரும்," என்றேன்.

அனுப்பிவிட்டு, மச்சான் கடையில் தலைவலி மாத்திரை வாங்கி விழுங்கினேன்.

மூன்று வாரம் கழித்து நேற்று அந்த அழைப்பு வந்தது.

"எனக்குத்தாங்க கிடைச்சிருக்கு," என்றாள். குரலில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. "இன்னைக்கே பதில் சொல்லணுமாம். எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்களே சொல்லுங்க. நான் இங்க இருக்கவா, வந்துடவா?"

'வந்துடு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. அதற்குள் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா உள்ளே வந்து, "பாஸ்போர்ட் போட்டோங்க. பிள்ளை தூங்கறதுக்குள்ள எடுத்துடுங்க," என்றார்.

"இரு," என்றேன் போனில். ஒரு நிமிஷம் பொறு என்ற அர்த்தத்தில். போனை மேசையில் வைத்துவிட்டுக் கேமரா பக்கம் போனேன்.

அந்தக் குழந்தை கேமராவைப் பார்ப்பேனா என்றது. நான் சாவிக்கொத்தை ஆட்டி, நாய் மாதிரிக் குரைத்த பிறகு, எட்டாவது படத்தில்தான் மசிந்தது. திரும்பி வந்து போனை எடுத்தால், அவள் அழுதுகொண்டிருக்கிறாள்.

"வான்னுதான் சொல்வீங்கன்னு நினைச்சேங்க. யோசிக்கக்கூட இல்ல, பட்டுனு 'இரு'ன்னுட்டீங்க. என்கிட்ட இப்படி யாருமே சொன்னதில்ல..." மூக்கை உறிஞ்சினாள். "ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

பொறு என்று சொல்லியிருக்கலாம், நில்லு என்று சொல்லியிருக்கலாம். தமிழில் வேறு வார்த்தைக்கா பஞ்சம்? 'நான் சொன்னது அந்த இரு இல்லடி' என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. சொன்னால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அடுத்த வாரமே வந்து நிற்பாள். எனக்கு அவளைத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

"போட்டோ எப்பங்க கிடைக்கும்?" என்று அந்த அம்மா கேட்டார். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

"கேக்குதா?" என்றேன் போனில். "இரு. ரெண்டு வருஷம்தானே? இரு."