ஐம்பத்திரண்டு நொடி

லென்ஸின் ஓரத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேஜைமேல் இருந்த போன் அதிர ஆரம்பித்தது. ஒருமுறை அதிர்ந்தால் விட்டுவிடலாம். அது நிற்காமல் அதிர்ந்து, நகர்ந்து, ஸ்க்ரூ டப்பாவில் போய் முட்டி, அங்கேயும் அதிர்ந்தது. நான் வேலை செய்வது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். முன்னால் வருகிறவர்களுக்குக் கண் சோதித்து ஃபிரேம் காட்டுவது முதலாளியின் வேலை. அவர் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு லென்ஸை வெட்டி, தேய்த்து, ஃபிரேமில் உட்கார வைப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே ஸ்டூல். கல் சுற்றும்போது கையையும் எடுக்கக் கூடாது, கவனத்தையும் எடுக்கக் கூடாது. நான் இரண்டையும் எடுத்தேன். ‘பாட்டுப் பட்டியல் வந்தாச்சு!’ என்று எங்கள் ரசிகர் குழுவில் முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். பத்துப் பாட்டு. ஆறாவது வரியைப் படித்ததும் லென்ஸ் கையிலிருந்து நழுவிக் கல்லுக்குக் கீழே இருந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

ஆறாவது வரியில் ‘ஐம்பத்திரண்டு’ என்று இருந்தது. பக்கத்தில், நான்கு நிமிஷம் நாற்பது நொடி.

எங்கள் கிழவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராக் பாடகன். நாற்பது வயதிலேயே தலை நரைத்துவிட்டதால் ரசிகர்கள் செல்லமாக வைத்த பெயர் அது. இப்போது அறுபது தாண்டி உண்மையிலேயே கிழவனாகிவிட்டான். கித்தாரை அடிக்கிறானா அதட்டுகிறானா என்று தெரியாது. குரல் எப்போதும் சளிபிடித்த மாதிரி இருக்கும். கடைசி ஆல்பம் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ‘அடுத்தது எப்போது’ என்று கேட்டுக்கொண்டே இருப்பதற்காக ஒரு கூட்டம் போனில் குழு அமைத்துக்கொண்டிருக்கிறது. வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. எல்லோரும் வேலையில் இருக்கிறவர்கள்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் பேச ஆள் இல்லாதவர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நான் அதில் சேர்ந்தபோது என் மனைவி போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. சண்டை போட்டுக்கொண்டெல்லாம் போகவில்லை. “உங்ககிட்ட பேசறதும் செவத்துக்கிட்ட பேசறதும் ஒண்ணுதான்” என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் போன பிறகுதான் எனக்குப் பேச்சே வந்தது. குழுவில் முதல்நாள் ‘வணக்கம்’ என்று எழுதினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது ஆல்பத்தின் டிரம்ஸ் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதினேன். யாரோ ஒருவர் கட்டைவிரல் போட்டார். அதுவும் விரல் தவறிப் பட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். தொண்டை கட்டிப்போய், கஞ்சி குடிக்கக்கூட வலித்தது. வீட்டில் ஒரு மலிவான கித்தார் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மனதில் வந்த ஒரு மெட்டை வார்த்தையில்லாமல் முனகினேன். போனில் பதிவு செய்து கேட்டபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அசல் கிழவன். ஐம்பத்திரண்டு நொடி. அதற்குமேல் மெட்டை எங்கே கொண்டுபோவது என்று தெரியாததால் அங்கேயே நிறுத்தியிருந்தேன். நடுவில் ஒரு இடத்தில் விரல் வழுக்கிப் பக்கத்துக் கம்பியில் பட்டு ஒரு தப்புச் சத்தம் வேறு. அதைக் குழுவில் போட்டு, ‘கச்சேரிக்கு முன்னால் மைக் சோதிக்கும்போது யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்ததாம், என் கைக்கு வந்தது’ என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. யாராவது பதில் போட வேண்டும், அவ்வளவுதான்.

இருநூற்றுப் பன்னிரண்டு பதில் வந்தது. பெயர் இல்லாத பாட்டு என்பதால் நீளத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். நான் வழுக்கிய அந்தத் தப்புச் சத்தத்துக்கு ‘கிழவன் குறும்பு’ என்று பெயர். அதில் என்ன துக்கம் இருக்கிறது என்று ஒருவர் மூன்று பாகமாக எழுதினார். கிழவனின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவன் ஆபீசுக்கு அந்தப் பதிவை அனுப்பி, ‘இதை முடித்துக் கொடு’ என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் வைப்பார்கள். கண்டெடுத்தவன் என்ற மரியாதையில் முதல் கையெழுத்து என்னுடையது. குழுவில் எனக்குக் ‘கண்ணாடி’ என்று பெயர் வந்தது. மனுஷனாக மதிக்கப்பட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

தனியாக எழுதிய முதல் ஆள் டிரைவரம்மா. எங்கள் ஊரிலேயே டவுன் பஸ் ஓட்டுகிறவர், என்னைவிட ஆறேழு வயது சின்னவர். ஒருநாள் போன் செய்து பேசினார்.

“என் வண்டில ஒரு பெரியவர் கடைசி ஸ்டாப்புல எறங்கல அண்ணா. தூங்கறார்னு நெனச்சு தோளத் தொட்டேன். சரிஞ்சுட்டாரு. அதுக்கப்புறம் மூணு வாரம் நான் வண்டில ஏறவே இல்ல. ஸ்டியரிங்கப் பார்த்தாலே கை நடுங்கும். உங்க ஐம்பத்திரண்டத்தான் போட்டுப் போட்டுக் கேட்டேன். நாலாவது வாரம் காலி வண்டில அதப் போட்டுட்டு ஸ்டாண்டுக்குள்ளயே ஒரு சுத்து சுத்தினேன். அப்புறம் சரியாப் போச்சு.”

‘உங்க ஐம்பத்திரண்டு’ என்று அவர் சொன்னது எனக்கு எங்கேயோ போய்க் குத்தியது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் ஸ்டியரிங் பிடித்த கையை நானே தட்டிவிட்ட மாதிரி ஆகுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர் போன் வராமல் போய்விடுமோ என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை அக்கா பேசுவாள், புதன்கிழமை டிரைவரம்மா பேசுவார். வாரத்தில் என் போன் அடிப்பது அந்த இரண்டு நாள்தான். அண்ணா என்று ஆரம்பத்திலேயே கூப்பிட்டு மற்ற யோசனைகளுக்கு அவர் இடம் வைக்கவில்லை. எனக்கும் அதில் குறை இல்லை. ஒரே ஒரு குறை. நான் இந்த உலகத்தில் செய்த ஒரு காரியம் ஒருவரைப் பிழைக்க வைத்திருக்கிறது, அது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அது தெரிந்தால் போதும் என்று இருந்தது.

புது ஆல்பம் வருகிறது என்றதும் ஒரு திட்டம் போட்டேன். பட்டியலில் அந்தப் பாட்டு இருக்கப் போவதில்லை; கிழவன் பாடாத பாட்டு எப்படி இருக்கும்? எல்லோரும் ஏமாந்து போவார்கள். அன்றைக்கு டிரைவரம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம். திட்டுவார். திட்டி முடித்த பிறகு ஒருவேளை, ‘அப்ப அது நீங்களா அண்ணா’ என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக எத்தனை நாள் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து பதில் தயார் செய்திருக்கிறேன்.

பட்டியல் வந்த மறுநாள் கிழவனின் பேட்டி வந்தது. ஒன்பது வருஷமாக அந்தப் பதிவை ரசிகர்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார்களாம். எப்போது, எங்கே பாடினேன் என்று தனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை என்றான். அந்த வருஷங்களில் பல விஷயம் ஞாபகம் இல்லையாம், குடி அப்படி. ‘ஆனா குரல் என்னோடதுதானே, கேட்டாலே தெரியுதே’ என்று சிரித்தான். நான் அந்த இடத்தை நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் பொருள்தான், வாங்கிக்கொள் என்று முந்நூறு பேர் கொண்டுபோய் நீட்டினால் அவன்தான் என்ன செய்வான்? முதல் கையெழுத்து வேறு என்னுடையது.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆல்பம். காலையில் அக்கா போன் செய்தாள்.

“யாரோ பாட்டுப் போடறான், அதுக்கு நீ ஏன்டா லீவு போடற? மாமாவுக்கு ஆபரேஷன் நடந்தப்பவே நீ அரை நாள்தானே போட்ட?”

“இதுக்கும் அரை நாள்தான்க்கா.”

“நல்லா வருவடா” என்று வைத்துவிட்டாள்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாட்டு வந்தால் வந்த நொடியில் ஆரம்பித்து, நடுவில் நிறுத்தாமல், வாய் திறக்காமல் கடைசிவரை கேட்க வேண்டும். மீறினால் ஒரு மாதம் குழுவில் பேசக் கூடாது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து கேட்பது இன்னும் விசேஷம். டிரைவரம்மாவுக்குப் பன்னிரண்டிலிருந்து ஒன்று பத்து வரை ஓய்வு. பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம் வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்தி, ஸ்பீக்கரில் போனை இணைத்துவிட்டு, தன் இருக்கையில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் முதல் வரிசை. எங்களுக்குப் பின்னால் நாற்பது காலி சீட்டு. வெயிலில் ரெக்சின் வாடை. யாரோ விட்டுப்போன ஒற்றைக் குழந்தைச் செருப்பு டேஷ்போர்டின்மேல் இருந்தது. வந்து கேட்பார்கள் என்று நான்கு நாளாக வைத்திருக்கிறாராம்.

முதல் ஐந்து பாட்டு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ஆறாவது, ஒற்றைக் கித்தாரில் ஆரம்பித்தது. என் மெட்டு. இழுவை மாறாமல், மூச்சு வாங்கும் இடம் மாறாமல். அந்தத் தப்புச் சத்தத்தையும் விடவில்லை. மெனக்கெட்டு விரலை வழுக்கவிட்டிருந்தான். டிரைவரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் நிறுத்திய இடம் வந்தது. கிழவன் நிறுத்தவில்லை. கொஞ்சம் கீழே இறங்கி, யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஒருமுறை நின்று, அப்படியே அந்தப் பக்கம் போய்விட்டான். இவ்வளவுதானா, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இருந்தது. கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அழகாக இருந்தது. என்னுடையது என்று அதுவரை எனக்குள் இருந்த ஒன்று, நல்லபடியாக வேறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மீதி நான்கு பாட்டு முடியும்வரை வழக்கப்படி வாய் திறக்கவில்லை. முடிந்ததும் சொன்னேன்.

“டிரைவரம்மா, அந்த ஐம்பத்திரண்டு கிழவனோடது இல்ல. நான் பாடினது. வீட்ல, காய்ச்சல் அடிச்சப்ப. மைக் சோதிக்கறப்ப எடுத்ததுன்னு எழுதினது பொய்.”

அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

“விளையாடாதீங்கண்ணா.”

“விளையாடல.”

“அன்னிக்கு எடுத்த அசல் பதிவு உங்க போன்ல இருக்கா?”

அந்தப் போனை எட்டு வருஷத்துக்கு முன்பே கடையில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கியிருந்தேன். பாடிக் காட்டட்டுமா என்றேன். காட்டினேன். தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, இழுவையெல்லாம் சரியாகப் போட்டு, கேவலமாகப் பாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நம்ம குரூப்ல எல்லாரும் இப்படிப் பாடுவோமே அண்ணா” என்று சொல்லி அவரும் பாடினார். என்னைவிட நன்றாகவே இருந்தது.

அவர் என் பக்கத்துச் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, வண்டியில் ஏறிய வயசானவர்களிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

“தனியா இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும். அதுக்காக மனசப் போட்டு இப்படிக் கொழப்பிக்காதீங்க. நீங்க அன்னிக்கு அதத் தேடிக் கொண்டுவந்து குடுக்கலன்னா எங்களுக்கு இந்தப் பாட்டே இல்லண்ணா. அது பத்தாதா?”

திட்டுக்கும் அந்த ஒரு கேள்விக்கும்தான் பதில் வைத்திருந்தேன். இதற்கு இல்லை.

“பத்தும்” என்றேன்.

கதவைத் தட்டினார்கள். மணி ஒன்று ஐந்து. வெளியே இருபது பேர் நின்றிருந்தார்கள். அவர் தன் இடத்துக்குப் போய்க் கதவைத் திறந்துவிட்டு, “வீட்டுக்குப் போய் ஏதாவது சாப்பிடுங்கண்ணா, நான் புதன்கிழமை இல்ல, நாளைக்கே போன் பண்றேன்” என்றார். அந்த ‘நாளைக்கே’தான் தாங்க முடியாமல் இருந்தது. ஏறுகிறவர்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு இறங்கினேன். வண்டி பின்னால் வந்து, திரும்பி, வாசலைத் தாண்டிப் போனது. உள்ளே ஆறாவது பாட்டைப் போட்டிருந்தார். ஹாரன் சத்தத்தில் அது சீக்கிரமே கேட்காமல் போயிற்று.

அடுத்த வண்டிக்கு நிற்கிறவர்களோடு நானும் நின்றேன். நான் போக வேண்டிய பஸ் அங்கே வராது. நான் நிறுத்திய இடத்துக்குப் பிறகு கிழவன் எங்கே போனான் என்று யோசித்தேன். கீழே இறங்கினான். அப்புறம் ஒருமுறை நின்றான். அப்புறம்? பையில் போன் இருந்தது. எடுத்துப் போட்டால் தெரிந்துவிடும். எடுக்கவில்லை. முதலிலிருந்து முனகிப் பார்த்தேன். என் பங்கு தானாக வந்தது, அந்த இடத்தில் வந்து நின்றது. மறுபடி ஆரம்பித்தேன், இந்தமுறை கொஞ்சம் சத்தமாக. பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றாள்.